சலமோட்ச சுவாமிகளின் தெளிந்த தீர்த்தம்

அந்த ஆண்டு சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒருவர் பக்தரா இல்லையா என்று தெரிந்துகொள்ள நெற்றியைப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. கையைப் பார்த்தால் போதும். பக்தர் கையில் புட்டி இருக்கும்.

சோடாப் புட்டி, நல்லெண்ணெய்ப் புட்டி, இருமல் மருந்துப் புட்டி. ஒரு கனவான் கையில் சீமைச் சாராயப் புட்டி. புட்டிகள்தாம் பலவிதம், உள்ளே இருந்தது ஒரே சரக்கு. அவரவர் சொந்தத் தயாரிப்பு. ஒளித்துவைக்க வேண்டியதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, டன்லப் சாலை மாடிப்படியில் தொடங்கிய வரிசை கீழே இறங்கி, கடைகளின் அஞ்சடி நடைபாதையை அடைத்துக்கொண்டு, மூலை திரும்பித் தேக்கா மார்க்கெட்டை நோக்கி நீண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. மனிதனை ராக்கெட்டில் ஏற்றிப் பூமியைச் சுற்ற வைத்துவிட்டார்கள். நம்மவர்கள் மூத்திரத்தைப் புட்டியில் ஏற்றி மாடிப்படியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாடியில் வீற்றிருந்தவர் சலமோட்ச சுவாமிகள். ‘சிறுநீரகக் கோளாறுகள் கத்தியின்றி, ஊசியின்றி, யோசனையின்றித் தீர்க்கப்படும்’ என்றது வாசற்பலகை. ‘யோசனையின்றி’ பலகையில் இல்லை, நான் சேர்த்தது. பொருத்தமாக இருந்தது.

சுவாமிகளுக்குப் பூர்வாசிரமத்தில் துரைசாமி என்று பெயர். இமயமலையில் பன்னிரண்டு ஆண்டு தவம் செய்ததாகச் சொல்லுவார். அவர் ஏறிய அதிகபட்ச உயரம், ஒரு தனியார் கிளினிக்கின் இரண்டாம் மாடி. அங்கே கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை. கழுவிய நாட்களில் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார்: சிறுநீரகம் கெட்டவரின் மூத்திரத்தைச் சூடாக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டு வெளுக்கும். மருத்துவர்களுக்கு அது பாலபாடம். துரைசாமிக்கு அது வேதம். வேலையை விட்டு நிறுத்தியபோது அந்த வேதத்தையும் ஒரு டஜன் கண்ணாடிக் குழாய்களையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பூசை இப்படி நடக்கும். பக்தரின் புட்டியிலிருந்து கொஞ்சம் குழாயில் ஊற்றிக் கற்பூரத்தில் காட்டுவார். திரண்டு வெளுக்கும். “பார்! நீர்ப்பிசாசு முட்டையிட்டிருக்கிறது!” என்பார். கூட்டம் “ஐயோ” என்னும். மீதியை வெள்ளிச் செம்பில் ஊற்றித் திரைக்குப் பின்னால் அனுப்புவார். அங்கே அவருடைய மைத்துனன் மருதப்பன் செம்பை அம்மன் காலடியில் வைப்பான். இங்கே சுவாமிகள் நூற்றெட்டு மந்திரம் சொல்லுவார். செம்பு திரும்பி வரும். மறுபடியும் கற்பூரம். இந்தத் தடவை வெளுக்காது. கண்ணாடி போலத் தெளிவாகக் கொதிக்கும். “பிசாசு செத்தது!” என்பார். செத்த பிசாசின் நீர் அமிர்தமாம். மூன்று சொட்டு நாக்கில் விடுவார். நோயாளி வரமுடியாவிட்டால் உறவினர் நாக்கில். அருகில் நின்றவர்களும் “எனக்கும் சாமி” என்று வாயைத் திறப்பார்கள்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர் வந்து, சூடாக்கியும் வெளுக்காவிட்டால்? “பிசாசு இன்னும் பருவத்துக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து வா.” முட்டை போட்டாலும் பிசாசு, போடாவிட்டாலும் பிசாசு. கோழிப் பண்ணைக்காரனுக்குக்கூட இந்தப் பாக்கியம் கிடையாது.

காணிக்கை தங்கம்தான். தங்கம் விஷத்தை உறிஞ்சுமாம். பொட்டு, தோடு, திருகாணி, எதுவானாலும் சரி. பேதமில்லை, சுவாமிகள் சமதர்மவாதி.

குணமானவர் உண்டா என்று கேட்காதீர்கள். அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த வடிவேலு என்று ஒருவர், கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், சுவாமிகள் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரியை நிறுத்தினார். ஆறு வாரத்தில் மூச்சையும் நிறுத்தினார். “புட்டியில் பிசாசு செத்தது, அவன் மனத்தில் சந்தேகம் சாகவில்லை” என்று தீர்ப்புச் சொன்னார் சுவாமிகள். வடிவேலுவின் மனைவி பாக்கியலட்சுமி அதைக் கேட்டு அழுதாள். பிறகு மாமியாரின் புட்டியை எடுத்துக்கொண்டு வந்து அதே வரிசையில் நின்றாள்.

அந்த வரிசைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அழகப்பன் வந்து சேர்ந்தான்.

துறைமுகக் கிடங்கில் வேலை. மனைவி பூவம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு முன் மூன்றாவது பிரசவம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு ரத்தம் ஏராளமாகப் போய்விட்டதில் இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. அந்த வருஷங்களில் சிங்கப்பூரில் யார்தான் வேலைநிறுத்தம் செய்யவில்லை! ஆனால் பஸ் நின்றால் நடந்து போகலாம். இது நின்றால் நஞ்சு ரத்தத்திலேயே தங்கும். நாள் முழுக்கச் சேர்த்தாலும் அவளுக்கு ஒரு சின்னப் புட்டி நீர்தான் கழிந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வயிற்றில் சின்னக் குழாய் வைத்து உப்புநீர் விட்டு, அது ரத்தத்திலுள்ள நஞ்சை இழுத்துக்கொண்டதும் வெளியே எடுத்துவிடுவது. சிறுநீரகம் தூங்கத்தான் செய்கிறது, சாகவில்லை. அது விழித்துக்கொள்ளும்வரை இப்படிக் கழுவிக் கழுவி ஆளைக் காப்பாற்றிவிடலாம். நிலைமை முற்றும்வரை காத்திராமல் முன்கூட்டியே கழுவினால் இன்னும் பலர் பிழைப்பார்களா? அதுதான் ஆராய்ச்சி. பூவம்மாவுக்கு இரண்டு தடவை கழுவியாயிற்று. மூன்றாவது வியாழக்கிழமை.

இதில் அழகப்பனைப் பிடித்து ஆட்டியது நோயல்ல, ஒரு சொல்.

“சாமி, என் சம்சாரத்தை ஆஸ்பத்திரில ஏதோ ட்ரையல்ல வெச்சிருக்காங்க. என்கிட்ட கையெழுத்துகூட வாங்கிட்டாங்க. வயித்துல ரப்பர் குழாய் வெச்சு ரெண்டு தடவை கழுவியாச்சு, மூணாவது வியாழக்கிழமையாம்.”

கிடங்குத் திருட்டு வழக்கு ஒன்றில் சாட்சி சொன்னவன் அழகப்பன். ட்ரையல் என்றால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கூண்டும் நீதிபதியும்தான். சுவாமிகளுக்கு மூக்கில் வியர்த்தது.

“ட்ரையல் யாருக்கப்பா நடக்கும்?”

“குத்தம் செஞ்சவங்களுக்கு, சாமி.”

“முடிவில் என்ன வரும்?”

“தீர்ப்பு.”

“மூன்றாவது தடவை கழுவும்போது தீர்ப்பு. புரிகிறதா? நாளைக்கு நீரைக் கொண்டு வா. வியாழன் மதியத்துக்குள் அவளையே கொண்டு வா. ரப்பர் குழாய் ஏறும் உடம்பில் மந்திரம் ஏறாது.”

வரிசை முழுக்க உச்சுக்கொட்டியது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று யாருக்கும் தோன்றாததால், பாவம், ஒரு பெண்ணுக்கு அந்த மாடியில் மரண தண்டனை எழுதப்பட்டது.

மறுநாள் காலையில் அழகப்பன் ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கேட்டு வாங்கினான். டாக்டர் பேச்சை மீறி நோயாளியைச் சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் தாள். ஆஸ்பத்திரியில் அதற்கு ‘ஓன் ரிஸ்க்’ என்று பெயர். ரிஸ்க் யாருக்கு என்று பார்த்தால் கையெழுத்துப் போடுகிறவனுக்கு இல்லை, கட்டிலில் கிடப்பவளுக்கு.

தாளோடு வார்டுக்குள் நுழைந்தவனை வழிமறித்தாள் அன்னம்மா. அவனுடைய அக்கா. அதே வார்டில் ‘ஆமா’, அதாவது பணிப்பெண் வேலை. படுக்கைத் தட்டு எடுக்க வேண்டும், நோயாளிகள் கழித்த நீரைச் சொட்டு விடாமல் அளந்து நர்ஸிடம் சொல்ல வேண்டும். உத்தியோகம்தான் ஆமா, வாயைத் திறந்தால் வருவதெல்லாம் ‘இல்லை’.

“கையில என்னடா?”

“பூவுவைக் கூட்டிட்டுப் போறேன். ட்ரையல்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா. கோர்ட்டுல நிறுத்துற மாதிரி நிறுத்தியிருக்காங்க.”

அன்னம்மா கையிலிருந்த படுக்கைத் தட்டைக் கீழே வைத்தாள்.

“தீபாவளிக்குத் தையக்காரன்கிட்ட சட்டை குடுத்தியே, ட்ரையல் போட்டுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அந்தச் சட்டையை என்ன, தூக்குலயா போட்டான்? சரியா இருக்கான்னு பாக்கிறதுடா மடப்பயலே!”

அழகப்பன் தலையைச் சொறிந்தான். ஆனால் மூடநம்பிக்கைக்கு ஒரு கால் முறிந்தால் இன்னொரு கால் முளைக்கும்.

“அது சரிக்கா. ஆனா சாமி கண்ணெதிர்ல காட்டுறாரு லா. வெள்ளையா வர்ற முட்டை, மந்திரிச்சா காணாம போயிடுது. உங்க டாக்டர் ரெண்டு தடவை கழுவியும் போகலையே?”

“அந்த வெள்ளையை நானும் தினம் பாக்கிறேன், கற்பூரம் இல்லாம.”

கட்டிலிலிருந்து பூவம்மா பேசினாள். முகம் ஊதியிருந்தது, குரல் மட்டும் மெலிந்திருந்தது. “என் மூத்திரத்தை ஊரே பாத்தாச்சு. டாக்டர் பாத்தாரு, சாமியாரும் பாக்கப் போறாரு. என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையே.”

“என்ன புள்ள வேணும் உனக்கு?”

“உசுரோட இருக்கணும். பச்சப்புள்ள இன்னும் என் முகத்தையே சரியாப் பாக்கல.”

அக்காவும் தம்பியும் அங்கேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அன்று மத்தியானம் அன்னம்மாவே பூவம்மாவின் நீரை எடுத்துக்கொண்டு வருவாள். சுவாமிகள் ஜெயித்தால் சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு வருவாள். தோற்றால் அழகப்பன் அந்தத் தாளைத் தொடக்கூடாது. பிறகு அவள் டாக்டரிடம் போய் இரண்டு நிமிஷம் பேசினாள். அவர் சிரித்தார். ஒரு சின்னச் சீசாவைக் கொடுத்தார்.

மணி மூன்று. வெள்ளைச் சீருடையோடு அன்னம்மா மாடியேறியபோது பக்தகோடிகள் வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரியே சரணடைய வந்துவிட்டது என்று நினைப்பு! கூடவே, கீழே காப்பி, டீ விற்கும் தண்ணீர்க்கடை வைத்திருந்த ரவூப் பாயையும் அவள் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

கொண்டுவந்த புட்டியிலிருந்து எல்லார் முன்னாலும் பாதியை இன்னொரு புட்டிக்கு மாற்றினாள். அதை ரவூப் பாய் கையில் கொடுத்தாள்.

“பாய், இதைப் பிடிச்சுக்குங்க. யாருக்கும் குடுக்காதீங்க. இது கண்ட்ரோல்.”

“கண்ட்ரோலா?” என்றார் ஒரு பெரியவர். சண்டைக் காலத்தில் வரிசையில் நின்று கண்ட்ரோல் அரிசி வாங்கியவர். “மூத்திரத்துக்குமா கண்ட்ரோல் வந்துடுச்சு?”

“எங்க டாக்டர் சொல்றது, ஐயா. ஒண்ணும் செய்யாம ஒரு பங்கைத் தனியா வெச்சாத்தான், மத்ததுல நடந்தது வைத்தியத்தால நடந்துச்சா, வேற எதாலயாவது நடந்துச்சான்னு தெரியும். சாமி மந்திரிக்கட்டும். இது மந்திரம் படாம இருக்கட்டும்.”

சுவாமிகள் புன்னகை செய்தார். அவருக்கென்ன, தினமும் நடக்கிற நாடகம். “அப்படியே ஆகட்டும் தாயே.”

கற்பூரம் ஏற்றினார். குழாயில் வெளுத்தது. “ஐயோ!” செம்பு திரைக்குப் பின்னால் போனது. நூற்றெட்டு மந்திரம். செம்பு வந்தது. குழாயில் தெளிவாகக் கொதித்தது. “சலமோட்சா!” என்று கூரை அதிர்ந்தது. சுவாமிகள் மூன்று சொட்டை அழகப்பன் நாக்கில் விட்டார். அவன் கண்ணை மூடி விழுங்கினான். இன்னும் நாலைந்து பேர் வாயைத் திறந்து பங்கு பெற்றுக்கொண்டார்கள்.

“இப்ப பாய் கையில இருக்கிறதைச் சுட வைங்க” என்றாள் அன்னம்மா.

வைத்தார். வெளுத்தது. கூட்டத்துக்கு இரட்டைக் கொண்டாட்டம்.

“பாத்தியா! மந்திரிச்சது தெளிஞ்சிடுச்சு, மந்திரிக்காதது அப்படியே இருக்கு!”

“ஆஸ்பத்திரிக்காரியே நிரூபிச்சிட்டா லா!”

அழகப்பன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். மடிப்பைப் பிரித்தான். “யாராச்சும் பேனா வெச்சிருக்கீங்களா?” நாலு பேனா நீண்டது. நல்ல காரியத்துக்குக் கேட்டிருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது.

“கொஞ்சம் பொறுடா” என்றாள் அன்னம்மா. கூடையிலிருந்து சலவைச் சோடா கரைத்த தண்ணீரை எடுத்தாள். “பூவு தண்ணியில காலையிலேயே ஒரு சாயம் கலந்துட்டேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாக்க டாக்டருங்க ஊசியில ஏத்துற சாயம். மூத்திரத்துல மஞ்சளோட மஞ்சளா ஒளிஞ்சிருக்கும். சோடா பட்டாத்தான் சிவக்கும். பாதி பண்றதுக்கு முன்னாடியே கலந்துட்டதால ரெண்டுலயும் இருக்கு.”

பாய் கையிலிருந்த புட்டியில் சோடாவை விட்டாள். ரோஸ் சர்பத் மாதிரி சிவந்தது. பாயே கொஞ்சம் பயந்துபோனார்.

சுவாமிகளின் வெள்ளிச் செம்பில் விட்டாள். ஒன்றுமில்லை. இன்னும் விட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“சாமி, நான் குடுத்த தண்ணி எங்கே?”

துரைசாமி வேலை பார்த்த கிளினிக்கில் இந்தச் சாயம் கிடையாது. ஆனால் சுவாமிகளிடம் எந்தச் சாயம் வெளுத்தாலும் ஒரு பதில் இருக்கும். “அறியாத பெண்ணே! மந்திரம் பிசாசை மட்டுமா கழுவும்? உன் சாயத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டது.”

கூட்டம் பெருமூச்சு விட்டது. “அதானே! சாயமும் அழுக்குத்தானே!” தர்க்கம் என்று வந்துவிட்டால் நம் ஜனங்களை ஜெயிக்க முடியாது.

அன்னம்மா வாதாடவில்லை. நேரே திரையை நோக்கி நடந்தாள். மருதப்பன் கையை விரித்து மறித்தான். “அம்மன் சந்நிதி! பொம்பளைங்க வரக்கூடாது!”

“அம்மன் யாருடா, ஆம்பளையா?” என்று திரையை இழுத்தாள்.

அம்மன் இருந்தாள், காலண்டரில். கீழே ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், முக்கால்வாசி நிறைந்து. நாற்றம் அதன் முகவரியைச் சொன்னது. பக்கத்தில் ஒரு பீங்கான் குடுவை. அதன் பக்கத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காலிக் கண்ணாடி டம்ளர்கள்.

மிச்சமிருந்த சோடாவைத் தகரத்தில் கவிழ்த்தாள். மேலாக இருந்தது குப்பென்று சிவந்து பரவியது. வாசலில் நின்ற கடைசி ஆளுக்கும் தெரிந்தது.

“மந்திரம் கழுவின சாயம் இங்கதான் கெடக்குது. இங்க இருக்கிறது பூவு தண்ணின்னா, சாமி எங்களுக்குக் காட்டினது யார் தண்ணி?”

ரவூப் பாய் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதெல்லாம் நம்ம கடை டம்ளர்லா! தினம் இருவது கிளாஸ் பார்லித் தண்ணி வாங்குவான். அம்மனுக்கு நைவேத்தியம்னான். அட பாவி, அவ்வளவையும் நீயாடா குடிச்சே?”

எல்லார் கண்ணும் மருதப்பன் மேல். அவன் கண்கள் சுவாமிகள் மேல். பிறகு, எத்தனையோ மாதமாக அடக்கி வைத்தது உடைந்தது.

“நான் என்ன பண்றது! மாமாதான் உன் ஒடம்பு நல்ல ஒடம்பு, சுட வெச்சாலும் வெளுக்காதுன்னாரு. காலையிலேருந்து பார்லி குடிக்கிறது, செம்புல போறது, பார்லி குடிக்கிறது, செம்புல போறது. மனுஷனால முடியுதா? ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்ல!”

அந்த நொடியில் அவரவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. கணக்குத் தெரியாதவர்களும் அன்றைக்குச் சரியாகப் போட்டார்கள். அமிர்தம். மூன்று சொட்டு. நாக்கு. மருதப்பன்.

பிறகு படிக்கட்டு இடிந்துவிடும்போல் ஓட்டம். அஞ்சடி முழுக்க ஓங்கரிப்பு. தெருக்குழாயடியில் அடிதடி. ஒருவர் சாக்கடை ஓரம் உட்கார்ந்து நாக்கைத் துண்டால் வழித்துக்கொண்டிருந்தார். சிராங்கூன் சாலையில் பாதிப்பேர் மாதக்கணக்கில் மருதப்பனைப் பருகியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவன் ஊருக்கே ஊற்றுக்கண்ணாக இருந்திருக்கிறான்.

மாடியில் சிலரே எஞ்சினார்கள். அதில் ஒருத்தி பாக்கியலட்சுமி. மாமியாரின் புட்டி இன்னும் கையில் இருந்தது.

“சாமி,” என்றாள் மெதுவாக, “எங்க வீட்டுக்காரருக்கும் இவன் தண்ணியத்தான் காட்டினீங்களா?”

சுவாமிகள் மேலே பார்த்தார், இமயத்தைத் தேடுகிறவர்போல.

“தெளிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே. அதை நம்பித்தானே மாத்திரையெல்லாம் நான் சாக்கடையில கொட்டினேன். என் கையால கொட்டினேன்.”

சுவாமிகள் பின்பக்கமாகவே வாசலை நோக்கி நகர்ந்தார். ரவூப் பாய் மாத்தாவுக்கு ஆள் அனுப்பினார். போலீஸ் வரும்வரை வாசலில் அவரே நின்றுகொண்டார். வெளியே குழாயடியிலிருந்து திரும்பியவர்கள் சுவாமிகளை உதைக்கவேண்டும் என்று துடித்தார்கள். கவனியுங்கள்: வடிவேலு செத்ததற்காக அல்ல. வாய் கெட்டதற்காக.

அழகப்பன் அந்த ஓன் ரிஸ்க் தாளை நாலாகக் கிழித்தான். நாக்கையும் அதிலேயே துடைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மூன்றாவது தடவை கழுவினார்கள். சனிக்கிழமை நான்காவது. அடுத்த புதன்கிழமை காலையில் அன்னம்மா பூவம்மாவின் அளவுச் சாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினாள்: “டாக்டர்! முக்கால் சாடி!”

தூங்கிக்கொண்டிருந்தது விழித்துக்கொண்டது. டாக்டர் தம் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். அவர் கற்பூரம் கொளுத்தவில்லை. “இவங்க பிழைச்சுட்டாங்க. எல்லாரும் பிழைப்பாங்கன்னு இன்னும் சொல்ல முடியாது, இன்னும் பல பேரைப் பாக்கணும்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் வாசலில் ஏன் வரிசை நிற்பதில்லையோ!

மாதம் ஒன்று கழிந்தது. பூவம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்னம்மாவோடு தேக்கா மார்க்கெட்டுக்கு வந்தாள். கத்தரிக்காய்க் கடையில் ஓர் அம்மாள் அவளைப் பார்த்ததும் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“எப்படிக் கெடந்தவ, எப்படி ஆயிட்டா! எல்லாம் அன்னிக்கு மந்திரிச்ச பலன்தான். ஆளு திருடனா இருக்கலாம், மந்திரம் பொய்யாகுமா?”

அன்னம்மா கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

“ஏம்மா, அன்னிக்குக் குழாயடியில நீங்களும் துப்புனீங்கதானே?”

“துப்பாம? மூணு நாளு சோறே எறங்கலையே!”

“வாய்க்குள்ள போனதைத் துப்பிட்டீங்க. தலைக்குள்ள போனதை எப்பத் துப்பப் போறீங்க?”